நடுச்சுவர்

"இதயத்தோட கீழ் ரெண்டு அறைக்கும் நடுச்சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு. பல பிள்ளைகளுக்குத் தானா அடைஞ்சிரும், பாப்போம்," என்றார் ஆறாம் மாத ஸ்கேன் எடுத்த டாக்டர். இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மாசமாக இருக்கிறவள் வீட்டில் ஆணிகூட அடிக்காதீர்கள் என்று மாமியார் சொல்லியும், டிவி வயருக்காகப் படுக்கையறைச் சுவரைத் தரையோரம் துளைத்தவன் அவன். மனைவி வேணி ஸ்கேன் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அன்றே வயரை உருவிவிட்டுச் சிமெண்ட் குழைத்து வந்தான். "பூசவும் கூடாதாம்," என்றாள் வேணி. "விடுங்க, தானா அடையட்டும்."

ஹால் விளக்கின் வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக வந்து இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவள் பாதத்தைத் தொடும். முதலில் அதில் அவன் பெருவிரல் நுழைந்தது. ஏழாம் மாதம் சுண்டுவிரல்தான் நுழைந்தது. எட்டாம் மாதம் பென்சில்.

"நீயா இத அடைக்கிற?"

"என்னால குனியவே முடியல. நானா?"

ஒன்பதாம் மாதம் ஊதுவத்திக் குச்சி மட்டும் போனது.

வலி எடுத்த சாயங்காலம், ஆட்டோ வந்துவிட்டதென்று மாமியார் வாசலிலிருந்து கூப்பிட்டாள். "ஒரு தடவ பாத்துருங்க," என்றாள் வேணி கட்டிலைப் பிடித்தபடி. அவன் தரையில் கன்னம் வைத்துப் பார்த்தான். வெளிச்சமே இல்லை.

"அடைஞ்சிருச்சு!"

"நெசமாவா?" வலியோடு சிரித்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன், ஹால் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடாதபடி, கண்களை இறுக மூடிக்கொண்டு ஹாலைக் கடந்தான்.