தலைக்கு ஒரு பாட்டில்

"ஒயின் பாட்டிலோட டூர் கப்பல் ஏறப் போறியாம்மா? ஊரே சிரிக்கும்!"

அலெக்சாண்டரின் சத்தம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். தண்ணீரே வராத தெருக்குழாயில் அதற்குள் ஆறேழு குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன.

இருதயமேரி அசரவில்லை. இரண்டு பாட்டில்களையும் புடவைகளுக்கு நடுவில் செருகினாள். "சிரிக்கட்டும். உங்க நைனா சாவுற வரைக்கும் அவரு குடிச்சாரு, நான் டம்ளர் கழுவுனேன். இப்ப என் பென்ஷன்ல நான் குடிக்கிறேன்."

மருமகள் ஜெயராணிக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா போனப்புறம் எங்க நைனாவும்தான் தளவானூர்ல தனியா இருக்குறாரு. ஜெபமாலயும் கையுமா எவ்ளோ அடக்கமா இருக்குறாரு!"

அலெக்சாண்டர் செல்போனை நீட்டினான். "கப்பல் ரூல்ஸ பாரு. தலைக்கு ஒரு பாட்டில்தான். நீ ரெண்டு வச்சிருக்க. ஏறும்போதே புடுங்கிக்குவாங்க!"

"தலைக்கு ஒண்ணுதானே? சரியாத்தான் இருக்குது."

"அப்ப இன்னொரு தல யாரு?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூலிங் கிளாஸோடு எட்டிப் பார்த்தவரைக் கண்டு ஜெயராணிதான் முதலில் அலறினாள்.

"நைனா!"

"சீக்கிரம் வா மேரி, மெட்ராஸ் பஸ்ஸு போயிடும்" என்றார் பால்சாமி, மகள் பக்கம் திரும்பாமலே.

கப்பலிலிருந்து திரும்பிய கையோடு இருவருக்கும் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. மேரி தளவானூருக்கே போய்விட்டாள். "நீங்க புருசன் பொஞ்சாதியா, இல்ல அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்ட தெருவுக்குப் பதில் சொல்லி மாளாமல், அலெக்சாண்டரும் ஜெயராணியும் ஓசூருக்கு வீடு மாறிவிட்டார்கள்.