நாலு விரல்

நடுவர், எறிபவள் உட்காரும் இருக்கையின் உயரத்தை அளந்தார். பிறகு, மேலே விரித்திருந்த துண்டுக்கு அடியில் இருந்த மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

பஞ்சு இல்லை. வில் இல்லை. விதி அனுமதித்த உயரத்துக்குள்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

கலிசியைத் தூக்கி அதன் மேல் உட்காரவைத்துத் தொடைகளை வாரால் கட்டினார்கள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வு கிடையாது. வார் இறுகியதா என்று கேட்டபோது, குனிந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

ஐந்து முறை எறிந்தாயிற்று. இது கடைசி.

புல்வெளியில் குறுக்கே ஒரு மஞ்சள் நாடா. இரும்புக் குண்டு அதைத் தாண்டினால் அடுத்த ஆண்டின் பெரும்போட்டிக்கு அவள் சொந்தப் பெயரில் போகலாம். தாண்டாவிட்டால், சின்ன நாடுகளுக்கென்று இரக்கப்பட்டுத் தரும் இடம் ஒன்று உண்டு. அவளுடைய டோங்கா தீவில் அது யாருக்கு என்று முடிவு செய்பவர், பரம்பரையாக ஊரை ஆளும் பிரபு. மண்டியிட்டுக் கேட்டால் கொடுப்பார்.

மண்டியிட முடியாதவர்களுக்கு என்ன சலுகை என்று அவள் விசாரித்ததில்லை.

பிரபு பயிற்சியாளருக்கான கட்டத்துக்குள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பயிற்சியாளர் அட்டை. குண்டு எத்தனை கிலோ என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். கலிசிக்கு எறியக் கற்றுக்கொடுத்த மாக்கா ஊரில் இருந்தான். விமானத்தில் அவன் இடத்தில் பிரபுவின் மனைவி வந்திருந்தாள்.

எறிபவள் ஒருத்தி, அதிகாரிகள் ஐந்து பேர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சுமைகூலிகூட இல்லை. சுமந்தது கலிசிதான். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அவளுடைய சக்கர நாற்காலிதான் அவர்களுக்குத் தள்ளுவண்டி. குடை, கைப்பை, பிரபுவின் மனைவி வாங்கிய செருப்பு டப்பாக்கள், நேற்று அணிவகுப்பு முடிந்ததும் பிரபு இடுப்பிலிருந்து அவிழ்த்த பரம்பரை ஓலைப் பாய், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் என்று எல்லாம் அவள் மடியில் வந்து விழுந்தன.

“பத்திரம். ஒண்ணுகூடத் தரையில படக்கூடாது” என்றார் பிரபு. எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

இருக்கையைச் செய்தவன் மாக்கா. பழைய படகின் இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்து, விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு நிறுத்தியிருந்தான். வழியனுப்பு விருந்தில், தேவாலயக் கூடத்தில், அதில் ஏறிக் காட்டச் சொன்னார்கள். ஏறினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிரபுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே நாற்காலியில் பிரபு. அவர் தலைக்கு மேலே கலிசியின் தலை.

பிரபுவின் தலைக்கு மேல் இன்னொரு தலை இருக்கக்கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடப்பதென்றால் கிழவர்கள்கூட முதுகை வளைத்துக்கொண்டுதான் போவார்கள். அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊனமுற்ற பெண்ணாயிற்றே, மனம் நோகுமாம். ரம்பம் கொண்டுவரச் சொன்னார்கள்.

நான்கு கால்களிலும் நாலு விரல் அகலம். மாக்காவின் கையிலேயே ரம்பத்தைக் கொடுத்தார்கள். சத்தம் பிரபுவுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று அறுத்து முடியும்வரை சபையார் தோத்திரம் பாடினார்கள். பிரபு பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். பிறகு சுட்ட பன்றி வந்தது.

“எறியில அரை மீட்டர் போச்சு, கலிசி” என்றான் மாக்கா. அவன் கையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. “நாலு வெரல்தானேன்னு பாடுறானுங்க.”

இப்போது நடுவர் குண்டை அவளிடம் கொடுத்தார். பிரபு அண்ணாந்து பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

“ஏய் புள்ள, என்ன ஒசந்துட்ட மாதிரி இருக்கு?”

“இந்த ஊர்ச் சாப்பாடு, எசமான்.”

“குனிஞ்சு எறி. ஊரே டிவியில பாக்குது.”

அவள் குனியவில்லை. குண்டைக் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள். எறியும்போது புட்டம் இருக்கையை விட்டு ஒரு நூல் எழும்பினாலும் எறி செல்லாது. உடம்பின் மொத்தப் பாரத்தையும் கீழே இறக்கினாள். நன்றாக அழுத்தினாள். கீழே இருப்பதை உணர முடியவில்லையே என்று வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டாள்.

எறிந்தாள்.

குண்டு நாடாவைத் தாண்டி விழுந்து புல்லைப் பெயர்த்தது. நடுவர் இருக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வெள்ளைக் கொடியை உயர்த்தினார்.

புகைப்படக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பிரபு வந்து சேர்ந்தார். டோங்காவின் வெற்றி என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். முடியைக் கோதினார், வயிற்றை உள்ளே இழுத்தார், இடுப்பைத் தடவினார். கை நின்றது.

இடுப்புப் பாய் கட்டாமல் ஒரு பிரபு படத்துக்கு நிற்பதும் அம்மணமாக நிற்பதும் ஊரில் ஒன்றுதான். அதிலும் அது அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கட்டியது. அரசர் முன்னால் கட்டியது. அதன் ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு கதை சொல்வார்கள்.

அவள் காதருகே குனிந்தார். அவர் அவளுக்குக் குனிந்தது அதுதான் முதல் தடவை.

“பாய் எங்க? சீக்கிரம் குடு, கட்டணும். தரையில கிரையில போட்டுட்டியா?”

கலிசி வாரை அவிழ்க்கவில்லை. தொடைக்குப் பக்கத்தில் துண்டின் ஓரத்தை மட்டும் ஒரு விரலால் விலக்கினாள். பழுப்பேறிய ஓலைப் பின்னல் ஒன்று, நாலு விரல் கனத்துக்கு மடிந்து, நசுங்கி, எட்டிப் பார்த்தது.

“இல்ல எசமான்” என்றாள். “தரையில படவே இல்ல.”