ஸ்டீல் ஹோஸும் ஒன்பது மணி முகூர்த்தமும்

பழனிசெட்டிபட்டியில் வீரணனின் மெக்கானிக் கடை வாசலில், பெட்ரோல் ஒழுக வந்து நின்றது அந்தப் பழைய கார்.

"சீக்கிரம்ண்ணே! ஒம்பது மணிக்கு வீரபாண்டி கோயில்ல கல்யாணம். மாமாமாருக்குப் பிடிக்கல, தேடி வந்துருவாக!" ஓட்டிவந்த அனுஷ்கா பதறினாள்.

பின்சீட்டில் அவள் அம்மா பொன்னாத்தாள், மடியில் இரண்டு மாலைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

வீரணன் வெடித்திருந்த பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்டீல் கம்பிப் பின்னல் போட்ட புது ஹோஸை எடுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் டேப்பை நிதானமாகச் சுற்றினான்.

"டேப் எதுக்குண்ணே இப்ப?"

"சுத்தாம அறுத்தா கம்பி பிரிஞ்சு வெளக்கமாறு ஆயிரும் தாயி. அப்பா வரலையா?"

"அவுக தவறிப் பன்னெண்டு வருசமாச்சு."

ஆக்ஸா பிளேடால் அறுத்து, இரு முனையிலும் கப்ளிங் மாட்டி, காரில் பொருத்தி ஸ்பேனரால் இறுக்கினான். இன்ஜினைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அனுஷ்கா துள்ளிக் குதித்தாள்.

வீரணன் பின்சீட்டைப் பார்த்துக் கும்பிட்டான். "அண்ணன் தம்பியள எதுத்து, மக விரும்புனவனுக்கே கட்டி வைக்கிறீகளே, பெரிய மனசும்மா ஒங்களுக்கு!"

பொன்னாத்தாள் சிவந்த முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டாள்.

அனுஷ்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, கட்டி வைக்கிறது நாந்தான். கல்யாணப் பொண்ணு எங்கம்மா!"