இடது கன்னத்தில் விரிசல்

மொம்பாசாக் கிடங்கின் தகரக் கூரையில் வெயில் கொதிக்கிறது. சீனாவிலிருந்து வந்த முகமூடிப் பெட்டிகளை மகள் வாகெஷோ பிரித்துக் கொடுக்கிறாள். காங்கோவிலிருந்து மர முகமூடிகளை லாரியில் கொண்டுவந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் கிழவர் முவாகியோ. இன்றும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நல்லதைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். அதை நம்பித்தான் கம்பெனி வளர்ந்தது. சீனாவிலிருந்து வந்த இவையோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக். இடது கன்னத்தில் விரிசல். கழித்து வைக்கிறார். அடுத்ததிலும் அதே கன்னம், அதே விரிசல். முன்பின் தெரியாத சீன ஆலைக்காரனுக்கு நல்லதைக் கொடுப்பானேன் என்று, கழித்துப் போட்ட மர முகமூடியையே மாதிரிக்கு அனுப்பியவர் அவர்தான். அச்செடுத்தவன் விரிசலையும் விடவில்லை. “எல்லாம் சொத்தைம்மா.” “சொத்தையில்லப்பா, பழசு மாதிரி இருக்கு. ஓட்டல்காரங்க இன்னும் நாலாயிரம் கேக்கறாங்க.” சுமைதூக்கும் ஜுமா சிரிக்கிறான்: “பெருசு, ஒண்ணையாவது பாஸ் பண்ணுங்க, பாவம்.” கிழவர் எடுக்கிறார், பார்க்கிறார், கழிக்கிறார். குவியல் இடுப்பளவு வந்துவிட்டது. “நீங்க பாக்கவே வேணாம்ப்பா, எல்லாம் ஒண்ணுதான்,” என்கிறாள் மகள், அன்பாகத்தான். கழித்த குவியலை ஜுமா திரும்பப் பெட்டியில் அடுக்கி, ஒரு முனையைப் பிடிக்கிறான். வெறுங்கையோடு நிற்கும் கிழவர் குனிந்து, பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்குகிறார்.