திராட்சை வாசனை

கட்டிலுக்கு அடியிலும் பாட்டில் இல்லை. தலையணை உறை, செருப்பு, பக்கத்து மேஜை டிராயர் எல்லாவற்றையும் துழாவிவிட்டு லமாரா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

“யோவ், எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கே? திராட்சை வாசனை மூக்கைத் துளைக்குது!”

“அடியே, ஆஸ்பத்திரியில எனக்கு யாருடி ஊத்திக் குடுப்பா?” என்றார் ஜும்பேர். காஹேத்தி வட்டாரம் முழுக்க வீட்டுக்கு வீடு திராட்சைச் சாராயம் காய்ச்சுகிற பருவம். அவர் வீட்டு அண்டா மட்டும் சரிந்து, வலது கை வெந்து, பத்து நாளாக இங்கே கிடக்கிறார். புண் ஆறும்வரை ஒரு சொட்டு கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

“ஞாயித்துக்கிழமை மக கல்யாணம். நீ குடிச்சிருந்தா, விருந்துக்குத் தமதா நீ இல்ல. என் தம்பிதான்!”

ஜும்பேருக்கு முகம் வெளுத்தது. சொந்த மகள் கல்யாணத்தில், மேஜையின் தலைப்பக்கம் நின்று வாழ்த்துச் சொல்லும் தமதா பதவி, நாலு வார்த்தை கோவையாகப் பேசத் தெரியாத மச்சானுக்கா?

“சத்தியமா இல்லடி! டாக்டரையே கேளு!”

டாக்டர் ரெவாஸ் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்தார். கட்டைப் பிரிக்காமல், கால்மாட்டில் நின்றபடியே ஒருமுறை மூச்சை இழுத்தார்.

“அம்மா, இது சாராயம் இல்ல. தீப்புண்ணுல ஒரு கிருமி வரும். வந்தா சீழ் பச்சையா இருக்கும், பழுத்த திராட்சை மாதிரியே வாசனை அடிக்கும். விட்டா கையே போயிடும். நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சீங்க! மருந்து போட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணிடறேன்.”

லமாரா தலையில் அடித்துக்கொண்டாள். கை அழுகிக் கிடக்கிற மனுஷனையா குடிகாரன் என்று திட்டினோம்?

“என்னை மன்னிச்சிடுய்யா, நான் பாவி! தமதா நீதான். என் தம்பி பக்கத்துல நின்னு ஊத்தட்டும்!” என்று புருஷன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜும்பேர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

அதோடு நிற்பாளா? புருஷன் கையைக் காப்பாற்றுகிறவருக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் போனால் ஊர் என்ன பேசும்? “வேண்டாம்மா, வேண்டாம்மா” என்று டாக்டர் பின்வாங்கப் பின்வாங்க, எட்டிப் பிடித்து, முகக்கவசத்தைக் கீழே இழுத்து, கன்னத்தில் பச்சென்று ஒன்று வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கு இரண்டு முறை விடைத்தது.

“ஐயோ டாக்டர், அந்தக் கிருமி உங்க வாயிலயும் இருக்கே!”