சம தூரத்தில் ஒரு கதிரை

வற்றாப்பளை அம்மாளாச்சி மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நெடுங்கேணித் தருமகுலசிங்கத்துக்கு மகன் சுவிஸிலிருந்து இணையப் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ப்ரீஆம்ப், இரண்டு ஆக்டிவ் ஸ்பீக்கர் எல்லாம் அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கறண்டுக்குத் தனித்தனிப் பிளக். ஸ்பீக்கர்களை விறாந்தையில் வைத்து, இரண்டுக்கும் சம தூரத்தில் முற்றத்தில் கதிரையைப் போட்டார். அங்கே இருந்தால்தான் பாட்டு நடுவில் நின்று கேட்குமாம்.

முதல் பாட்டுக்கே காட்டிலிருந்து யானை வந்தது. வெட்டுக்கு நின்ற நெல்லைத் தொடவில்லை. கதிரையைத் தும்பிக்கையால் ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் நின்றது. பாட்டு முடிந்ததும் வயல் பக்கம் திரும்பியது.

"இஞ்சருங்கோ, அடுத்ததைப் போடுங்கோ! நெல்லெல்லாம் போகப்போகுது!" என்றாள் மனைவி புஷ்பராணி.

"போடுறனப்பா. சத்தம் காணுமோ எண்டு யானையாரிட்டைக் கேளும்."

ஒரு ஸ்பீக்கரைச் சற்று நகர்த்திப் பார்த்தார். யானையும் நகர்ந்து நடுவுக்கு வந்தது.

அறுவடை முடியும்வரை பின்னேரங்களில் பாட்டு நிற்கவில்லை. ஒரு நெல்மணியும் சேதமில்லை.

அந்த வீட்டுக்குக் கறண்ட் கொண்டுவரும் மின்கம்பத்தை, மகன் அனுப்பிய பெட்டிகள் வந்து சேருவதற்கு முதலே இதே யானை தள்ளி விழுத்தியிருந்தது. கம்பம் இன்னும் வயல் வரம்பில்தான் கிடக்கிறது.