பக்கத்துக் கல்லூரி

மருமகளின் துணிமணிகளை மடித்துப் பெட்டிக்குள் அடுக்கி, பூட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் மாமியார். "எல்லாம் வெச்சாச்சு. நீ கிளம்ப வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த மருமகள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் கணவன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிறவன், வீட்டில் நடப்பதை மட்டும் கண்டும் காணாமல் இருப்பதில் கெட்டிக்காரன்.

விஷயம் இதுதான். நுகர்வோர் புகார் மையத்தில் வேலை பார்க்கும் மருமகள், குடும்ப, நுகர்வோர் பொருளியலில் முதுகலை படிக்க ஆசைப்பட்டாள். இரண்டு கல்லூரிகள் இடம் தருவதாகச் சொல்லிவிட்டன. ஒன்று பஸ்ஸில் போய்வரும் தூரம், சாயங்கால வகுப்பு. இன்னொன்றுக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டும், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். எந்தக் கல்லூரி என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும்.

"பக்கத்துல இருக்கறதே போதும் அத்தை. குட்டிய விட்டுட்டு என்னால ரெண்டு வருஷம் இருக்க முடியாது."

"குட்டிய நான் பாத்துக்கறேன். பகல்ல எனக்கு வேற என்ன வேலை? நீ தூரத்துக் காலேஜுக்கே போ."

கணவன் மெல்ல வாயைத் திறந்தான். "சாயங்கால கிளாஸ்னா வீட்டு வேலையும் நடக்கும், படிப்பும் நடக்கும். எதுக்கும்மா அவ்வளவு தூரம்?"

"வீட்டு வேலை நடக்கும். படிப்புதான் நடக்காது. நீ பேசாம இரு" என்று ஒரே வெட்டாக வெட்டினார் மாமியார். அவன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது பழக்கம்தான்.

மாமியார் விடவில்லை. "பக்கத்துக் காலேஜ்ல நாலாவது மாடியில கிளாஸ். லிஃப்ட் ஓடறதே இல்ல. புள்ளியியல் எடுக்கற அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டா, முறைச்சே கொன்னுடுவாங்க."

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னா?"

"நாலு பேர் பேசறது என் காதுல விழாதா? ரிட்டையர் ஆனது வேலையிலேர்ந்துதான், காது இன்னும் நல்லாத்தான் இருக்கு."

மருமகள் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "குட்டிக்காக மட்டும் இல்ல அத்தை. எனக்குப் பக்கத்துக் காலேஜ் படிப்புதான் பிடிச்சிருக்கு. அங்க அவங்கவங்க வீடுதான் ஆய்வுக்கூடம். வீட்ல யார் முடிவெடுக்கறா, யார் சொல் எடுபடுது, யாருக்கு ஓய்வு கெடைக்குது, எல்லாத்தையும் ரெண்டு வருஷம் கவனிச்சு எழுதணும். அதனாலதான் ஒரு வீட்டுக்கு ஒருத்தரைத்தான் சேத்துக்கறாங்க."

கணவனின் முகம் சுருங்கியது. "நம்ம வீட்டையா எழுதப் போற? நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்கறதையுமா?"

மருமகளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பப் புரியுது. உங்களப் பத்தி எழுதிடுவேன்னுதானே என்னை அனுப்பப் பாக்கறீங்க?"

"எழுதினா எழுதிக்கோயேன். எனக்கென்ன பயம்?" என்றார் மாமியார். ஆனால் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை புரண்டு படுத்து எதையோ முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் மருமகளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. பக்கத்துக் கல்லூரியின் பெயருக்கு நேராக விரலைக் கொண்டுபோனாள்.

பட்டென்று மடிக்கணினியை மூடினார் மாமியார். அவள் விரல் மயிரிழையில் தப்பியது.

"அம்மா, இது கொஞ்சம்கூட நல்லா இல்ல" என்று எழுந்தான் கணவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் அம்மாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மருமகளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட அதே மனுஷி, இன்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார். பெற்ற பிள்ளையிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்.

"இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நீங்க என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. பெத்த அம்மாவுக்கு மேலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "நான் என்ன தப்பு செஞ்சேன்? என்னை எதுக்கு அத்தை துரத்தறீங்க?"

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நேரம் இருந்த அதட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. மருமகளின் கையைப் பற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எதையோ சொல்ல வாயெடுத்து, மகனைப் பார்த்து, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பக்கத்துக் காலேஜ்ல போன வாரமே நான் சேந்துட்டேம்மா."